ரிஃப்ளெக்‌ஷன் கோப்பிலிருந்து எலக்ட்ரான் அடர்த்தி வரைபடம்: லிகண்டைச் சுற்றி ஒன்றுமே தெரியவில்லை

மஞ்சள்காடு (ஈரோடு)

எல்லோருக்கும் வணக்கம்ங்க. எம்.எஸ்சி. பயோஇன்ஃபர்மேட்டிக்ஸ் கடைசி செமஸ்டர். நம்ம பக்கத்துக் கல்லூரிகளில் நிறையப் பேர் எடுக்கிற மாதிரியான புராஜெக்ட்தான்: மஞ்சளில் இருக்கும் குர்குமின் வகை மூலக்கூறுகளை ஒரு கைனேஸ் (பாஸ்பேட் ஒட்டும் நொதி) புரதத்தில் டாக்கிங் செய்வது, அதாவது எங்கே எப்படி ஒட்டும் என்று கணினியில் பொருத்திப் பார்ப்பது. புரதத்தின் எக்ஸ்ரே படிக அமைப்பை பிடிபி என்ற பொதுக் களஞ்சியத்திலிருந்து எடுத்தேன். ரெசொல்யூஷன் (எவ்வளவு நுணுக்கமாகத் தெரியும் என்ற அளவு, எண் சின்னதானால் நல்லது) 2.5 ஆங்ஸ்ட்ராம். உள்ளே ஏற்கெனவே ஒரு லிகண்ட் (புரதத்தில் பிணைந்த சிறு மூலக்கூறு) இருக்கிறது, அதைத்தான் ஒப்பீட்டுக்கு வைத்திருக்கிறேன்.

ரிவ்யூவுக்கு வெளியிலிருந்து வந்த மேடம் கேட்டது ஒரே கேள்வி. "இந்த லிகண்ட் இதே இடத்தில் இப்படித்தான் இருக்கிறது என்பதற்கு எலக்ட்ரான் அடர்த்தியைப் பார்த்தாயா?" பார்க்கவில்லை. எங்கள் வகுப்பில் யாருமே பார்ப்பதில்லை.

அதற்குப் பிறகு ரிஃப்ளெக்‌ஷன் கோப்பை, அதாவது படிகத்தில் எக்ஸ்ரே சிதறிய புள்ளிகளின் அளவீடுகளை, இறக்கினேன். எச், கே, எல் என்று மூன்று எண்கள், பக்கத்தில் வீச்சு, அதன் பிழை, ஓ அல்லது எஃப் என்று ஒரு குறி. அவ்வளவுதான், ஃபேஸ் (அலைக்கட்டம்) என்று எதுவும் இல்லை. ஒரு டுடோரியலைப் பார்த்து, மாடலையும் (பிடிபியில் இருக்கும் அணு இடங்கள்) இதையும் ரெஃப்மாக் என்ற சுத்திகரிப்பு (மாடலைத் தரவுக்குப் பொருத்தித் திருத்துவது) புரோகிராமுக்குக் கொடுத்து, வந்த எம்டிஇசட் (வீச்சும் ஃபேஸும் இருக்கும்) கோப்பை சிசிபி4 மென்பொருள் தொகுப்பின் எஃப்எஃப்டி புரோகிராமில் போட்டு மேப் எடுத்தேன். மூலக்கூறுகளைப் படமாகக் காட்டும் பைமாலில் திறந்தால் அடர்த்தி வலை ஒரு மூலையில் நிற்கிறது, லிகண்ட் இன்னொரு பக்கம் தனியாக நிற்கிறது.

லிகண்ட் உண்மையிலேயே அங்கே இல்லையா? அப்புறம், கோப்பில் இல்லாத ஃபேஸ் எங்கிருந்து வந்தது?

பவானிக்கூடல் (பவானி)

முதல் கேள்விக்குப் பதில் சுலபம். பயப்பட வேண்டாம், லிகண்ட் எங்கும் ஓடிவிடவில்லை.

எஃப்எஃப்டி புரோகிராம் இயல்பாக எழுதுவது சமச்சீரற்ற அலகு (சமச்சீரால் மீதியை உருவாக்கப் போதுமான மிகச் சிறிய பகுதி) ஒன்றை மட்டும். மீதி எல்லாம் சமச்சீரால் வருவதுதானே என்று விட்டுவிடும். உங்கள் மாடல் அந்தப் பெட்டிக்குள்ளேயே உட்கார்ந்திருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை, பக்கத்துப் பிரதியின் இடத்தில் இருக்கலாம். கூட் புரோகிராமில் திறந்தால் அது சமச்சீரைப் போட்டு எங்கே போனாலும் மேப்பைக் காட்டும். பைமாலில் மேப்பை அப்படியே திறந்தால் பெரும்பாலும் கோப்பில் என்ன இருக்கிறதோ அதை மட்டும்தான் வரையும்.

மேப்மாஸ்க் புரோகிராமில் உங்கள் மாடலைக் கொடுத்து, சுற்றிலும் 5 ஆங்ஸ்ட்ராம் ஓரம் விட்டு மேப்பை விரித்து எழுதச் சொல்லுங்கள். ஜெம்மி என்ற கருவி வைத்திருந்தால் சிரமமே இல்லை, எஸ்எஃப்2மேப் கட்டளையிலேயே மாடலைச் சுற்றி வெட்டித் தருகிற வசதி இருக்கிறது.

நொய்யல்கரை (கோவை)

மஞ்சள்காடு அம்மிணி, இரண்டாவது கேள்விதான் பெரிய கேள்வி. அதை அவசரப்படாமல் பார்க்கலாம்.

டிடெக்டரில் விழுகிற ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று எண்களும் ஒரு செறிவும் கிடைக்கின்றன. செறிவின் வர்க்கமூலம் வீச்சு. பலவீனமான புள்ளிகளில் பின்னணியைக் கழித்தால் செறிவு சுழியத்துக்குக் கீழே போய்விடும், அதற்கு வர்க்கமூலம் எடுக்க முடியாது. 1978ல் ஃபிரெஞ்சும் வில்சனும் அதற்கு ஒரு புள்ளியியல் வழி கொடுத்தார்கள், இன்றும் அதுதான் ஓடுகிறது. இதுவரைக்கும் எல்லாம் அளந்தது.

அளக்காதது ஃபேஸ். ஒவ்வொரு அலையும் அலகுக்கூட்டுக்குள் (படிகம் முழுக்கத் திரும்பத் திரும்ப அடுக்கியிருக்கும் பெட்டி) எந்த இடத்தில் உச்சம் தொடுகிறது என்பதை டிடெக்டர் பதிவதில்லை. ஆனால் அடர்த்தி வேண்டுமென்றால் ஒவ்வொரு ரிஃப்ளெக்‌ஷனுக்கும் வீச்சையும் ஃபேஸையும் வைத்து ஒரு கொசைன் அலை எழுதி, ஆயிரக்கணக்கான அலைகளைக் கூட்டி, அலகுக்கூட்டின் பருமனால் வகுக்க வேண்டும். எஃப்எஃப்டி செய்வது இந்தக் கூட்டலைத்தான். அதில் மர்மம் எதுவும் இல்லை.

சரி, உன் ஃபேஸ் எங்கிருந்து வந்தது? நீ ரெஃப்மாக்குக்குக் கொடுத்த மாடலிலிருந்து. அந்த மாடலில் லிகண்ட் இருந்தது. லிகண்ட் இருக்கிறதா என்று கேட்கப் போன இடத்தில், இருக்கிறது என்று நீயே முதலில் சொல்லிவிட்டாய். அதனால் மேப்பை விரித்துப் போட்ட பிறகு லிகண்டைச் சுற்றி நீலவலை வந்தாலும், அது மட்டும் சாட்சி ஆகாது.

இதை எவ்வளவு கடுமையாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதற்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது. 1961ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரனும் ஆர். சீனிவாசனும் ஒரு படிகத்தின் வீச்சுகளையும் வேறொரு அமைப்பின் ஃபேஸ்களையும் கலந்து கூட்டினால் என்ன தெரியும் என்று பார்த்தார்கள். ஃபேஸ் எந்த அமைப்பிலிருந்து வந்ததோ அதன் அணுக்கள்தான் மேப்பில் தெரிந்தன. அளந்த வீச்சு தோற்றது, கொடுத்த ஃபேஸ் வென்றது. நாம் இன்று மாடல் பயஸ் (கொடுத்த மாடலின் பக்கமே மேப் சாய்வது) என்று சொல்வதன் வேர் அங்கே இருக்கிறது.

சீனிவாசன் அதோடு விடவில்லை. மாடலின் ஒரு பகுதி மட்டும் தெரியும்போது அதன் ஃபேஸை எவ்வளவு நம்பலாம் என்பதற்கான எடைகளை 1966ல் எழுதினார். சிக்மா-ஏ என்ற அளவு அந்த வழியில் வந்தது. 1986ல் ராண்டி ரீட் அதை எடுத்து, பிழையுள்ள மாடலுக்கு ஏற்ற மேப் கெழுக்களாக ஆக்கினார். உன் எம்டிஇசட் கோப்பில் எஃப்டபிள்யூடி, பிஎச்டபிள்யூடி என்று இரண்டு பத்திகள் இருக்கும் பார், அவை அந்த எடை போட்டவை. டெல்எஃப்டபிள்யூடி, பிஎச்டெல்டபிள்யூடி என்ற இன்னும் இரண்டு பத்திகள் வித்தியாச மேப்புக்கானவை, அதாவது அளந்ததிலிருந்து மாடல் சொல்வதைக் கழித்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில் எழுதிய சூத்திரம் ஈரோட்டு லேப் கம்ப்யூட்டரில் இன்றும் ஓடுகிறது. இதைக் கோவையிலும் சேலத்திலும் படிக்கிற பிள்ளைகளுக்குப் பாடத்தில் யாரும் சொல்வதில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

ஒரு எச்சரிக்கை. சிக்மா-ஏ வேறு, மேப்பை 1 சிக்மா, 3 சிக்மா என்று வெட்டிப் பார்க்கிறோமே, அந்தச் சிக்மா (மேப்பின் ஏற்ற இறக்க அளவு) வேறு.

பாவடித்தெரு (சென்னிமலை)

நான் கணினிக்காரன், உயிரியல் தெரியாது. ஆனால் நொய்யல்கரை ஐயா சொன்னதைத் தறி தெரிந்தவர்களுக்கு இப்படிச் சொல்லலாம் என்று தோன்றுகிறது. பாவும் ஊடையும் அதே நூல், அதே நிறம், அதே எண்ணிக்கை. எந்த நூல் எந்த இடத்தில் மேலே எழும்புகிறது என்பதை மாற்றினால் போர்வையில் பூ இருந்த இடத்தில் கட்டம் வந்துவிடும். நூல் வீச்சு, எழும்புகிற இடம் ஃபேஸ். சரியா?

நொய்யல்கரை (கோவை)

சரிதானுங்க. ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்: இங்கே ஒவ்வொரு நூலும் படிகம் முழுக்க ஓடுகிறது. ஒரு ரிஃப்ளெக்‌ஷன் கெட்டால் ஏதோ ஒரு மூலை மட்டும் கெடுவதில்லை, எல்லா இடத்திலும் கொஞ்சம் கெடும்.

சிறுவாணி (கோவை)

குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். இவ்வளவு சிரமம் எதற்கு? பிடிபியின் ஐரோப்பியக் கிளையான பிடிபிஇ தளத்தில் தயார் மேப்பே கிடைக்கிறது, ஒன்று சாதாரண மேப், ஒன்று வித்தியாச மேப். பிரவுசரில் மோல்ஸ்டார் என்ற காட்சிக் கருவியிலேயே அடர்த்தியைப் பார்க்கலாம். லேப்பில் எதையும் இன்ஸ்டால் செய்ய விடாத கல்லூரிகளுக்கு மூர்ஹென் இருக்கிறது, கூட் அப்படியே பிரவுசரில் ஓடும். இன்னொரு பக்கம் புரத அமைப்பைக் கணித்துச் சொல்லும் ஆல்ஃபாஃபோல்ட் வந்துவிட்டது. எம்.எஸ்சி. மாணவர் இந்த அலைக் கூட்டலை (ஃபூரியர்) போட வேண்டுமா?

நொய்யல்கரை (கோவை)

பார்ப்பதற்குத் தயார் மேப் போதும். நானே முதலில் அதைத்தான் திறப்பேன். ஆனால் அந்த மேப்பின் ஃபேஸும் லிகண்ட் இருக்கிற மாடலிலிருந்து வந்ததுதான். லிகண்டை எடுத்துவிட்டுக் கேட்க வேண்டுமென்றால் ரிஃப்ளெக்‌ஷன் கோப்புக்குத்தான் போக வேண்டும், வேறு வழியில்லை. 2008 பிப்ரவரி முதல் எக்ஸ்ரே அமைப்பைப் பதிவு செய்கிறவர்கள் ரிஃப்ளெக்‌ஷன் தரவையும் கொடுத்தே ஆக வேண்டும் என்று விதி வந்ததே, அது இதற்காகத்தான். யாரோ அளந்ததை ஈரோட்டில் உட்கார்ந்து ஒரு மாணவி திரும்பக் கணக்குப் போட்டுப் பார்க்க முடிகிறது. அந்த உரிமையைப் பயன்படுத்தாமல் விடக்கூடாது.

ஆல்ஃபாஃபோல்ட் மாடலுக்குப் பின்னால் அந்தப் படிகத்தின் ரிஃப்ளெக்‌ஷன் எதுவும் இல்லை. ஃபேஸுக்கு நல்ல தொடக்கம் தரும், ஆனால் அளவைக்கு ஈடாகாது.

சேர்வராயன் (சேலம்)

நான் சிறு மூலக்கூறு படிகம் பார்க்கிறவன். எங்கள் பக்கம் கதை கொஞ்சம் வேறு.

1 ஆங்ஸ்ட்ராமுக்குக் கீழே தரவு இருக்கும், அணு அணுவாகத் தனியாகத் தெரியும். அதனால் மாடல் எதுவும் இல்லாமலே, வீச்சுகளுக்கு இடையே உள்ள கணிதத் தொடர்பை வைத்து ஃபேஸைக் கணக்கிட்டுவிடலாம். 1985 நோபல் பரிசு ஹாப்ட்மனுக்கும் கார்லுக்கும் இதற்குத்தான் கிடைத்தது. நம்ம குர்குமினையே எடுத்துக்கொள்ளுங்கள், அதன் வழக்கமான மோனோக்ளினிக் படிகத்துக்கு பி2/என் இடக்குழு (சமச்சீர் வகை), மையச் சமச்சீர் உண்டு. அங்கே ஃபேஸ் 0 அல்லது 180 பாகை, இரண்டே வாய்ப்பு.

மேப் எடுக்க, நாங்கள் பயன்படுத்தும் சுத்திகரிப்புப் புரோகிராமான ஷெல்எக்ஸ்எல்-இல் லிஸ்ட் 6 என்று கொடுத்தால் போதும், எஃப்சிஎஃப் கோப்பில் ஃபேஸோடு எல்லாம் வந்துவிடும். கூட் அதைத் திறக்கும். 2013 பதிப்பிலிருந்து ஷெல்எக்ஸ்எல் ரிஃப்ளெக்‌ஷன் தரவைச் சிஐஎஃப் (அமைப்பு முடிவுகள்) கோப்புக்குள்ளேயே எழுதிவிடுகிறது, தனியாகத் தேட வேண்டியதில்லை.

மஞ்சள்காடு (ஈரோடு)

எல்லோருக்கும் நன்றிங்க. மேப்மாஸ்க் போட்டேன், லிகண்டைச் சுற்றி வலை வந்துவிட்டது. 1 சிக்மாவில் முழு லிகண்டும் மூடியிருக்கிறது. ஆனால் நொய்யல்கரை சார் சொன்ன பிறகு அதைப் பார்த்துச் சந்தோஷப்பட முடியவில்லை. வித்தியாச மேப்பை 3 சிக்மாவில் வைத்தால் லிகண்டின் வால் பக்கம் சிவப்பாக இருக்கிறது. அது கெட்ட செய்தியா?

இன்னொன்று, மேப்பைக் கணக்கிடும் கட்டத்தின் இடைவெளியைச் சின்னதாக்கினால் மேப் தெளிவாகுமா?

பவானிக்கூடல் (பவானி)

இரண்டாவதற்கு நான் சொல்கிறேன். தெளிவாகாது, வழவழப்பாகும். 2.5 ஆங்ஸ்ட்ராம் தரவில் இருக்கிற தகவல் அவ்வளவுதான். ரெசொல்யூஷனில் மூன்றில் ஒரு பங்கு இடைவெளி வைப்பது வழக்கம், படத்துக்கு வேண்டுமானால் நான்கில் ஒரு பங்கு வைக்கலாம். பென்சீன் வளையத்தின் நடுவில் ஓட்டை தெரிய 1.5 ஆங்ஸ்ட்ராம் பக்கம் வர வேண்டும். உங்கள் மேப்பில் வளையம் தட்டையான அடை மாதிரிதான் தெரியும், அதில் குறை ஒன்றும் இல்லை.

நொய்யல்கரை (கோவை)

சிவப்பு என்றால் மாடல் வைத்த அளவுக்கு எலக்ட்ரானைத் தரவு அங்கே காட்டவில்லை என்று பொருள். வால் அங்கே இல்லாமலே இருக்கலாம், பல கோணத்தில் ஆடிக்கொண்டிருக்கலாம், அல்லது ஆக்குபன்சி (படிகத்தின் பிரதிகளில் எத்தனை பங்கில் அது இருக்கிறது) 1 என்று வைத்தது அதிகமாக இருக்கலாம். கெட்ட செய்தி இல்லை, உனக்குத் தேவையான செய்தி.

இப்போது செய்ய வேண்டியது ஆமிட் மேப். மாடல் கோப்பிலிருந்து லிகண்டை நீக்கு. நீக்கிய கையோடு மேப் எடுத்துவிடாதே, ஏனென்றால் சுற்றியிருக்கிற அணுக்கள் லிகண்ட் இருந்தபோது சுத்திகரித்த இடத்திலேயே நிற்கின்றன, அவற்றின் ஃபேஸில் லிகண்டின் நினைவு ஒட்டிக்கொண்டிருக்கும். அணுக்களின் இடத்தைக் கொஞ்சம் கலைத்துவிட்டு, சில சுற்று சுத்திகரிப்பு ஓட்டி, பிறகு வித்தியாச மேப்பைப் பார். லிகண்டைப் பற்றி எதுவுமே தெரியாத மாடலின் மேப்பில், லிகண்டின் உருவத்தில் 3 சிக்மாவுக்கு மேல் பச்சை (மாடலில் இல்லாத எலக்ட்ரானைத் தரவு காட்டுவது) வந்தால் அதுதான் சாட்சி.

இதில் ஒரு சிக்கல் உண்டு. புரதப் படிகத்தில் ஏறக்குறையப் பாதி நீர். புரோகிராம் காலியாக இருக்கிற இடத்தையெல்லாம் சராசரி கரைப்பானால் நிரப்பிவிடும். லிகண்டை எடுத்தவுடன் அந்தக் குழியும் காலி என்று நினைத்து அங்கேயும் நீரை நிரப்பும். லிகண்டின் பலவீனமான பகுதி அதில் மூழ்கிப்போகும். அதற்காகத்தான் 2017ல் போல்டர் மேப் என்ற முறை வந்தது, லிகண்ட் இருந்த இடத்தையும் அதன் சுற்றுப்புறத்தையும் கரைப்பான் நுழையாமல் ஒதுக்கி வைக்கும். ஃபீனிக்ஸ் மென்பொருளில் இருக்கிறது. உன் வால் பகுதிக்கு அதுதான் நியாயமான சோதனை.

எஃப் என்று குறி போட்ட ரிஃப்ளெக்‌ஷன்களைத் தொடாதே. 1992ல் புரூங்கர் கொண்டுவந்த ஆர்-ஃப்ரீ (மாடலைப் பொருத்தப் பயன்படுத்தாத தரவோடு ஒப்பிடும் சோதனை அளவு) என்பதற்காக ஒதுக்கியவை அவை, பெரும்பாலும் 5 விழுக்காடு. சுத்திகரிப்பு ஓட்டும்போது கோப்பில் இருக்கிற அதே குறியை வைத்துக்கொள். புதிதாக ஒதுக்கினால், ஏற்கெனவே மாடலைப் பொருத்தப் பயன்பட்டவை சோதனைப் பக்கம் வந்துவிடும். அப்புறம் ஆர்-ஃப்ரீக்கு அர்த்தமே இல்லை.

பாவடித்தெரு (சென்னிமலை)

ஒரு சந்தேகம். அளக்காமல் விட்டுப்போன ரிஃப்ளெக்‌ஷன்களும் இருக்குமல்லவா? அவற்றைச் சுழியம் என்று வைத்துக்கொள்வதா?

நொய்யல்கரை (கோவை)

நல்ல கேள்விங்க. சுழியம் வைத்தால் மேப்பில் அலையலையாக இரைச்சல் வரும். அதனால் பல புரோகிராம்கள் அந்த இடத்தில் மாடலிலிருந்து கணக்கிட்ட மதிப்பை வைத்து நிரப்புகின்றன. மேப் அழகாகும், ஆனால் மாடலின் பக்கம் இன்னும் சாயும். ஃபீனிக்ஸ் நிரப்பியது, நிரப்பாதது என்று இரண்டு பத்திகளையும் கொடுக்கிறது. தரவு முழுமை குறைவாக இருந்தால் நிரப்பாததையும் திறந்து பார்ப்பது நல்லது.

சிறுவாணி (கோவை)

சரி, ஒப்புக்கொள்கிறேன். லிகண்டை எடுத்துவிட்டுக் கேட்பது என்ற இடத்தில் தயார் மேப் உதவாது. இதைப் படித்த பிறகு பைமால் படங்களைப் பற்றி ஒன்று கேட்க வேண்டும். கட்டுரைகளில் வலை லிகண்டை மட்டும் சட்டை போட்ட மாதிரி மூடியிருக்கிறதே, சுற்றி எதுவுமே இல்லாமல்? நான் எடுத்தால் எங்கும் வலையாக வருகிறது.

பவானிக்கூடல் (பவானி)

அது கார்வ் என்ற வசதி. லிகண்ட் அணுக்களிலிருந்து இத்தனை ஆங்ஸ்ட்ராமுக்குள் இருக்கிற வலையை மட்டும் காட்டு, மீதியை மறை என்று சொல்வது. பெரும்பாலும் 1.6 அல்லது 2 வைப்பார்கள். எனக்கு அது சுத்தமாகப் பிடிக்காது. வெறும் இரைச்சலிலும் எந்த மூலக்கூறையாவது வைத்து 0.7 சிக்மாவில் 1.6 கார்வ் போட்டால் லிகண்டின் வடிவத்தில் வலை வரும். மறைத்த பகுதியில் அதைவிடப் பெரிய கட்டி இருந்தாலும் வாசகருக்குத் தெரியாது. ஒரு முறை கார்வ் இல்லாமல் பார்த்துவிட்டு, அக்கம்பக்கத்து இரைச்சலை விட லிகண்ட் அடர்த்தி எழும்பி நிற்கிறதா என்று முதலில் முடிவு செய்யுங்கள்.

சிக்மாவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அது அந்த மேப் முழுவதற்குமான ஏற்ற இறக்கத்தின் அளவு. நீர் அதிகமுள்ள படிகத்தில் அது சின்னதாகும், அப்போது அதே 1 சிக்மா குறைவான அடர்த்தியைக் குறிக்கும். மாடலைச் சுற்றி வெட்டியெடுத்த மேப்பின் சிக்மாவும் முழு அலகுக்கூட்டின் சிக்மாவும் ஒன்றாக இருக்காது. பைமால் மேப்பைத் திறக்கும்போதே தானாக அளவிட்டுக்கொள்ளும், அதனால் கூட்டில் பார்த்த 3-உம் பைமாலில் பார்த்த 3-உம் சமம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். படத்துக்கு முன் கூட்டில் ஒரு முறை சரிபாருங்கள்.

சேர்வராயன் (சேலம்)

மஞ்சள்காடு, குர்குமினே ஒரு கைனேஸில் பிணைந்த படிக அமைப்பு இருக்கிறது தெரியுமா? மனித டைர்க்2, 2018ல் வெளியானது. உங்கள் புராஜெக்டுக்கு நேராகப் பொருந்தும். அதன் ரிஃப்ளெக்‌ஷன் தரவையும் இறக்கி இதே சோதனையைச் செய்யுங்கள். டாக்கிங்கில் வந்த நிலையைப் படிகத்தில் இருக்கிற நிலையோடு ஒப்பிடுவதற்கு முன், படிகத்தில் அது எவ்வளவு உறுதி என்று கையில் இருக்கும்.

மஞ்சள்காடு (ஈரோடு)

போல்டர் ஓட்டிவிட்டேன். லேப்பில் மற்றவர்களும் கூடி நின்று பார்த்தார்கள்.

புரதத்தின் ஹிஞ்ச் (கைனேஸின் இரு பகுதிகளை இணைக்கும் இடம்) பக்கம் இருக்கிற இரட்டை வளையம் 3 சிக்மாவில் அப்படியே பச்சையாக வந்தது, லிகண்ட் இல்லாமலே அதன் உருவம் தெரிந்தது. 4 சிக்மாவுக்கு ஏற்றினாலும் நிற்கிறது. வால் பகுதிக்கு 3 சிக்மாவில் ஒன்றும் இல்லை. 2-க்கு இறக்கினால் ஏதோ வருகிறது, ஆனால் அதே மாதிரி கட்டிகள் சுற்றிலும் வருகின்றன. பிடிபியின் சரிபார்ப்பு அறிக்கையைத் திறந்தேன், அதில் இந்த லிகண்டின் மெய்வெளி ஒப்புறவு (மாடலும் அடர்த்தியும் எவ்வளவு பொருந்துகின்றன என்ற எண், முழுப் பொருத்தம் 1) 0.84. மாடலில் வால் அணுக்களின் பி ஃபேக்டர் (அணு எவ்வளவு ஆடுகிறது என்ற அளவு) வளையத்தினுடையதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு.

அதனால் டாக்கிங் ஒப்பீட்டில் முழு லிகண்டையும் வைத்து விலகல் கணக்கிடாமல், வளையப் பகுதியை மட்டும் வைத்துக் கணக்கிடலாம் என்று இருக்கிறேன். சரியாங்க சார்?

நொய்யல்கரை (கோவை)

ரொம்பச் சரி. வாலையும் சேர்த்து விலகலைக் கணக்கிட்டால், யாரோ சுத்திகரிப்பில் ஒரு இடத்தில் வைத்துவிட்ட அணுக்களோடு உன் டாக்கிங்கை ஒப்பிடுகிறாய். அந்த எண் நன்றாக வந்தாலும் மோசமாக வந்தாலும் அதற்குப் பொருள் இல்லை.

0.84 என்பது லிகண்ட் முழுவதற்கும் சேர்த்த ஒரே எண். 0.9-க்கு மேல் இருந்தால் நிம்மதி, 0.8-க்குக் கீழே போனால் கவலைப்பட வேண்டும், உன்னுடையது நடுவில். வளையம் நன்றாகவும் வால் மோசமாகவும் இருப்பதுதான் அந்த நடுவாந்தர எண்ணாகத் தெரிகிறது. எண்ணை மட்டும் பார்த்திருந்தால் இது தெரிந்திருக்காது.

அடுத்த ரிவ்யூவில் அந்த மேடத்திடம் இரண்டு படங்களையும் காட்டு, வளையத்தையும் வாலையும். வாலை ஒளிக்காதே.

மஞ்சள்காடு (ஈரோடு)

கண்டிப்பாக காட்டுகிறேன் சார். கடைசியாக ஒன்று: படத்தின் கீழே என்னென்ன எழுத வேண்டும்?

பவானிக்கூடல் (பவானி)

எந்த மேப் என்பது, சாதாரணமா, வித்தியாசமா, போல்டரா. எத்தனை சிக்மாவில் வெட்டியது. ரெசொல்யூஷன். மேப் கணக்கிடும்போது லிகண்ட் மாடலில் இருந்ததா இல்லையா. கார்வ் போட்டிருந்தால் எத்தனை ஆங்ஸ்ட்ராம். எம்டிஇசட் கோப்பையும் ரிப்போர்ட்டோடு சிடியிலோ டிரைவிலோ வைத்துவிடுங்கள், அடுத்த பேட்சில் யாராவது திறந்து பார்க்கட்டும்.